வெளியே நிற்பவர்

"தீயணைப்பு வேலையில எத்தனை வருஷம் சார்?"

வெளிச்சப் பலகையில் செருகியிருந்த எக்ஸ்ரே படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார் டாக்டரம்மா. படத்தில் வலது நுரையீரலின் ஓரமாக, கோலிக்குண்டு அளவில் ஒரு வெள்ளை.

"இருபத்தாறு முடிஞ்சுது டாக்டர்." எதிரே இருந்த தீயணைப்பு வீரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். நேற்று அந்தப் படம் கைக்கு வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை.

"முதல் பதினஞ்சு வருஷம் நெருப்புக்குள்ள போனார். இப்ப வாசல்ல நிக்கறார்" என்று எடுத்துக் கொடுத்தாள் பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி.

"வாசல்லன்னா?"

"உள்ளே போற ஒவ்வொருத்தரும் தன் பேர் எழுதின வில்லையைக் கழற்றி இவர் கையில கொடுத்துட்டுத்தான் போகணும். திரும்பி வந்து வாங்கிக்கணும். யார் எப்பப் போனாங்க, யார் சிலிண்டர்ல எவ்வளவு காத்து இருக்கு, எல்லாம் இவர் பலகையில இருக்கும். இன்னிக்கு வரைக்கும் ஒரு வில்லைகூட இவர் கையில தங்கினதில்ல டாக்டர்!"

"சும்மா இரேன்" என்று அவர் முழங்கையால் லேசாக இடித்தார்.

"சொல்லட்டும், எனக்கு எல்லாம் தெரியணும்" என்ற டாக்டரம்மா இவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "மாஸ்க் இல்லாம உள்ளே போனது உண்டா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"தீ அணைஞ்ச பிறகு? புகை அடங்கினதும் நிறையப் பேர் கழற்றிடுவாங்களே."

"நான் கழற்றினதில்ல. மத்தவங்களையும் கழற்ற விட்டதில்ல. அணைஞ்ச இடத்துலேர்ந்து கிளம்பறதுதான் மோசமான புகை."

"ரெண்டு சிலிண்டர் தீர்ந்தா இருபது நிமிஷம் உட்காரணும். தண்ணி குடிக்கணும். நாடித்துடிப்பு இறங்கணும். அப்புறம்தான் மறுபடியும் உள்ளே." மனைவி பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஸ்டேஷன்ல இவருக்குப் பேரே 'ரூல்புக்'தான். வீட்ல நான் அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னால, ஜன்னல் திறந்திருக்கான்னு சமையலறைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். கல்யாணமான புதுசுல, என்னைப் பார்க்கத்தான் வர்றார்னு நெனச்சு ஏமாந்துட்டேன்!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சிகரெட்?"

"வீட்ல யாருக்கும் கிடையாது."

"மூணு மாசமா இருமல். எடை வேற குறைஞ்சிருக்கு. இதுக்கு வேர் எங்கே இருக்குன்னுதான் தேடறேன்" என்றபடி எழுதிக்கொண்டிருந்தார் டாக்டரம்மா. "வேலை முடிஞ்சதும் குளிப்பீங்களா?"

"ஸ்டேஷன்லயே குளிச்சிடுவேன். தலையோட, சோப்பு போட்டு. கரி ஒட்டின உடம்போட வீட்டு வாசப்படி ஏறினதில்ல."

"கோட்டு?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நெருப்புக்குப் போட்டுட்டுப் போற கோட்டை எங்கே துவைப்பீங்க சார்?"

"ஸ்டேஷன்ல அதுக்குன்னே மெஷின் இருக்கு. பையில கட்டி அங்கேயே போட்டுடணும். அதுல ஒட்டின கரி விஷம். கோட்டு ஸ்டேஷன் வாசலைத் தாண்டக் கூடாது. புதுசா சேர்றவங்களுக்கு வருஷா வருஷம் இந்தப் பாடத்தை எடுக்கறதே நான்தான்."

"நீங்க மெஷின்லதானே போட்டீங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"அந்த மெஷின்ல எங்கே வெளுக்குது டாக்டர்?" மனைவி முந்திக்கொண்டாள். "கழுத்துப்பட்டியில கரி அப்படியே நிக்கும். 'வீட்டுக்குக் கொண்டு வாங்க, நான் துவைச்சுத் தர்றேன்'னு நான்தான் அடம்பிடிச்சு வாங்கினேன். முதல்ல நல்லா உதறுவேன். அப்புறம் கொஞ்ச நேரம் மடியில வெச்சுக்குவேன். அந்தப் புகை வாசனை வந்தாத்தான், மனுஷன் முழுசா வீடு வந்து சேர்ந்துட்டார்னு எனக்கு நிம்மதி."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணமானதுலேர்ந்து. இருபத்திரண்டு."

பேனா நின்றது.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா, கொஞ்சம் மெதுவாக. "ஆனா எழுதிக்கறேன்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் டாக்டர்" என்றார் கணவர். "ஊருக்கெல்லாம் சொன்னேன். இவ ஆசையாக் கேட்டதும் பையை நீட்டிட்டேன். துவைச்ச கோட்டைப் போட்டுக்கிட்டுப் போறப்ப, பார்க்கறவன் எல்லாம் யார் துவைச்சதுன்னு கேட்பான். எனக்கு அவ்வளவு பெருமை."

"ஐயோ, போதும். ஆனதைப் பேசி என்ன ஆகப்போகுது?" என்று அவள் அவருடைய புறங்கையைத் தட்டிக் கொடுத்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, "ஸ்கேனுக்கு ரெடி. வரலாம்" என்றாள்.

அவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"நீங்க இல்ல சார்" என்று நர்ஸ் கையைக் குறுக்கே நீட்டினாள். "பேஷண்ட் மட்டும்தான் உள்ளே வரணும். நகை எதுவும் உடம்புல இருக்கக் கூடாதும்மா."

மனைவி காதுத் தோடுகளையும் மோதிரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"வில்லை பத்திரம்" என்றாள் இருமலுக்கு நடுவே. "வந்து வாங்கிக்கறேன்."