பதினோராவது வளையம்

பதினோராவது முறையாகவும் ‘வேண்டாம்’ என்றே எழுதி அனுப்பியிருந்தார் பியோன். வியட்நாமின் ஹைபோங் நகரில் வாஷிங் மெஷின் தொழிற்சாலை போட்டிருக்கும் கொரியா கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அவர்.

உள்ளூர் ரப்பர் பட்டறையில் ஆராய்ச்சி செய்யும் தோவாவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. மெஷின் கதவுக்கான ரப்பர் வளையம் அது. கொரியாவிலிருந்து வருவது இரண்டே வருஷத்தில் வெடித்துப்போகிறது. இவள் கலவை ஐந்து வருஷம் தாங்கும் என்று அவர்கள் சோதனைக்கூடமே சொல்லிவிட்டது. பிறகு ஏன்?

“அந்தாளுக்கு நம்ம ஊர்ச் சரக்குன்னாலே இளக்காரம்மா,” என்றார் முதலாளி லுவான். பட்டறையில் எல்லோருக்கும் அவர் சித்தப்பா. “போதும். உன் ஆராய்ச்சி ரூமை நாளைக்கே மூடிடறேன். அவங்க குடுக்கற வரைபடத்தை அப்படியே வார்த்துக் குடுப்போம். சோறாவது கிடைக்கும்.”

“ஒருநாள் பொறுங்க சித்தப்பா. நேர்ல கேட்டுட்டு வந்துடறேன்.”

“போ, போ. பதினோரு தடவை மூக்கு உடைபட்டது பத்தலை போல!”

ஏழு வருஷமாக வியட்நாமில் குப்பை கொட்டும் பியோன், அவளை ஆபீசுக்குள்ளேயே விடவில்லை. எதிர்ப்பக்கத்து ஐஸ் டீக் கடைக்கு அழைத்துப் போனார்.

“வளையத்துல என்ன குறை சார்?”

“ஒண்ணுமில்ல.”

“விலையா?”

“சல்லிசுதான்.”

“அப்ப, தனியா ஏதாவது எதிர்பார்க்கறீங்களா?”

பியோனுக்கு முகம் சிவந்துவிட்டது. டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

தோவா பொங்கிவிட்டாள். “பிடிக்கலைன்னா மூணாவது தடவையே சொல்லியிருக்கலாமே! ‘இன்னும் சூடு ஏத்திப் பாரு, சோப்புத் தண்ணியில ஊறவை’ன்னு ஒவ்வொரு தடவையும் எதுக்கு எழுதணும்? நாளைக்கு என் ரூமுக்குப் பூட்டுப் போடப் போறாங்க சார்!”



பியோன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்களுக்கு மூணாவது வளையமே போதும் தங்கச்சி. இப்ப நீ செஞ்சிருக்கறது எங்க ஊர்லயே கிடையாது. பூட்டுப் போட விடாதே. நாளைக்கே ஹனோய் போய் காப்புரிமைக்கு மனு போடு.”

“நீங்களே வேண்டாம்னு தள்ளினதுக்கா?” அவளுக்கு இன்னும் குழப்பம்தான்.

“எங்க ஒப்பந்தத்தை ஒருதடவை முழுசாப் படி. நான் ‘சரி’ன்னு எழுதின நிமிஷமே உன் கலவை எங்க கம்பெனி சொத்து. ‘வேண்டாம்’னு எழுதினாத்தான் அது உங்களோடது!”