நூற்றுக்கு நூறு தேர்ச்சி

பல்கலைக்கழகத்தின் மாணவர் வெற்றித் திட்டம் ரொம்ப எளிமையானது. தேறமாட்டார்கள் என்று கம்ப்யூட்டர் கணித்துக் கைகாட்டும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மரியாதையோடுதான். பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, பொன்னாடையைத் திரும்ப உருவிக்கொண்டு!

கணிதத் துறைத் தலைவர் கோதண்டபாணிதான் போர்த்துகிறவர்.

"இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்தீங்கன்னா நான் பாஸ் பண்ணிடுவேன் சார்" என்று அழுதாள் எழிலோவியா.

"திட்டத்துல அதுக்கு இடமில்லம்மா. கேமராவைப் பார்த்துச் சிரி."

அந்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் பேனர், வேட்டு. கோதண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் துணைவேந்தர் கூப்பிட்டனுப்பியதும், பதவி உயர்வேதான் என்று புதுச்சட்டை மாட்டிக்கொண்டு போனார்.

துணைவேந்தர் எழுந்து வந்து அதே பொன்னாடையை அவருக்குப் போர்த்தினார்.

"நான் நல்லாத்தானே பாடம் நடத்துறேன் சார்?"

"யாரு இல்லேன்னா? ஆனா சொல்லிக்கொடுத்தாத்தான் தேறும்கிற பிள்ளைங்களை எல்லாம் நீங்களே அனுப்பிட்டீங்களே. மிச்சம் இருக்கறதுங்க தானாவே தேறிடும். கேமராவைப் பார்த்துச் சிரிங்க."

சிரித்தார். பியூன் பொன்னாடையை உருவி மடித்துக்கொண்டான்.