தவளைக்கு ஒரு சாட்சி

பனி கலையாத குளம் ஒன்றில் தவளைகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. அதன் தாவல் வீரன், இலைக்கடியில் வளைத்த மூங்கில் வில் ஒன்றை ஒளித்துவைத்து அதன் விசையில் எம்பியதாக மைனா ஊரெங்கும் சொல்லிவிட்டது. தவளை மானநஷ்ட வழக்குப் போட்டது.

"மைனாவுக்கு எங்க ஆள் மேல காண்டு," என்றது தவளையின் ரசிகனான நத்தை.

"போய்யா! வில்லு இல்லாம அவ்வளவு தூரமா?" என்றது பக்கத்து நத்தை.

அதைக் கேட்ட தவளை ரசிக நத்தையின் அருகில் வந்தது. "அண்ணே, இப்ப வெறும் கல்லுலேருந்து தாவுறேன். நாளைக்கு கோர்ட்ல நீங்கதான் சாட்சி. இல்லேன்னா என் பேரு போச்சு."

தாவியது. ரசிக நத்தை ஆசையாகக் கண்களைத் திருப்பி முடிப்பதற்குள், தண்ணீரில் தெரிந்த மேகங்களின் நடுவே வளையங்கள் மட்டும் விரிந்துகொண்டிருந்தன.

எப்போதும்போல நத்தை, மைனா உட்கார்ந்திருந்த கிளையை அண்ணாந்து பார்த்தது.

"மைனா, எப்படித் தாவினான், சொல்லேன்."