மேடையில் சொல்லாத பேர்

"இன்னிக்கு என் பேரு இந்தியா முழுக்கக் கேக்கப் போவுது, பாத்துக்கிட்டே இரு!"

பொழுது விடிந்ததிலிருந்து மனைவி சரோஜாவிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார் பலராமன்.

திருவண்ணாமலை தேரடித் தெருவில் அவருக்குக் கேசட் கடை. காலி கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டைச் சொல்லிவிட்டுப் போனால் சாயங்காலம் பதிந்து வைத்திருப்பார். கல்யாண வீட்டுக்கும் ஆட்டோவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் தொண்ணூறுகளில் அவர் கடைப் பாட்டுதான்.

மதிவதனி கீழ்பென்னாத்தூர்ப் பெண். டைப்ரைட்டிங் வகுப்புக்கு வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று பாட்டுக் கேட்பாள். வாங்க வசதி இல்லை. "இந்தாம்மா, வீட்டுல போட்டுக் கேட்டுப் பாடிப் பழகு" என்று ஒரு பைசா வாங்காமல் கேசட் கேசட்டாகப் பதிந்து கொடுத்தவர் பலராமன்.

அவள் பாடிய கிரிவலப் பாட்டு கேசட்டுக்குத்தான் இப்போது அகில இந்திய இசை விருது. மும்பையில் விழா, டிவியில் நேரடி ஒளிபரப்பு.

"மேடையில முதல் பேரு உங்க பேருதாண்ணா" என்று போன வாரம் போனில் சொல்லியிருந்தாள். அது போதாதா? கடை வாசலில் டிவியைத் தூக்கி வைத்து, தெருவையே கூட்டி உட்கார வைத்து, ஆளுக்கொரு கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்துவிட்டார் மனிதர்.

விழாவில் கோட்டு போட்ட ஒருவர் ஹிந்தியில் நீளமாகப் பேசினார். விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"என்னண்ணா சொல்றாரு?" என்று கேட்டார் பாத்திரக்கடை ஜினேந்திரன்.

பலராமனுக்கும் ஹிந்திக்கும் ஸ்நான பிராப்தி கிடையாது. ஆனாலும் விடுவாரா?

"சின்னச் சின்ன ஊர்லேர்ந்துதான் பாட்டு வளருதுனு பெருமையா சொல்றாருப்பா" என்று கை தட்டினார். தெருவும் தட்டியது.

மதிவதனியைக் கூப்பிட்டார்கள். அந்தக் கோட்டுக்காரரே விருதைக் கொடுத்தார். பலராமன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார், தன்னையே டிவியில் காட்டப் போகிற மாதிரி.

அண்ணாமலையாருக்கு நன்றி சொன்னாள். அப்பா அம்மாவுக்குச் சொன்னாள். இசையமைத்தவர், மிருதங்கம் வாசித்தவர், ரிக்கார்டிங் தியேட்டரில் டீ வாங்கி வந்தவர் வரைக்கும் சொன்னாள். அப்புறம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

தெருவே பலராமனைத் திரும்பிப் பார்த்தது.

"டீக்காரன் ஞாபகம் இருக்குது, பலராமன் ஞாபகம் இல்லியா?" என்று ஆரம்பித்தாள் பூக்கடை ராணியம்மாள்.

"ஏத்தி விட்ட ஏணியை எட்டி ஒதைக்கிறதுனா இதான்" என்றார் ஜினேந்திரன்.

"சும்மா இருங்கப்பா. டிவின்னா ஜாஸ்தி நேரம் பேச விட மாட்டாங்க" என்றார் பலராமன். காலி பாட்டில்களைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்தது.

சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. "நாளையிலேர்ந்து அவ கேசட் ஒண்ணுகூட இந்தக் கடையில இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

விழா முடிந்த கொஞ்ச நேரத்தில் கடைக்குள் போன் அடித்தது. சரோஜாதான் போய் எடுத்தாள்.

"அண்ணி, மும்பையிலேர்ந்து மதி பேசறேன்..."

"எந்த மதி? எங்களுக்கு அப்படி யாரையும் தெரியாதும்மா. நீ அந்த டீக்காரருக்கே போன் போடு."

"நல்லா திட்டுங்க அண்ணி. அண்ணன் அழுதாரா?"

வாசலில் இன்னும் குனிந்தே இருந்தவரைச் சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு அண்ணி. பாட்டு பதிஞ்சு கொடுத்து என்னை வளத்தவர் இவர்தான்னு சொல்லத்தான் மேடை ஏறினேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் ஹிந்தியில பேசினாரே, பாத்தீங்களா?"

"பாக்காம என்ன? உங்க அண்ணன் கைகூட தட்டினாரு."

"ஐயோ! அவரு கேசட் கம்பெனிங்களுக்கெல்லாம் தலைவரு அண்ணி. 'காலி கேசட்ல எங்க பாட்டைப் பதிஞ்சு விக்கிறவன் எல்லாம் திருடன். எந்தக் கடைனு தெரிஞ்சா போதும், போலீஸோட போய் சீல் வெப்போம்'னு சொன்னாராம். பக்கத்துல இருந்தவங்க எனக்குத் தமிழ்ல சொன்னாங்க. அவரு பக்கத்துல நின்னுக்கிட்டு நான் எப்படி அண்ணன் பேரைச் சொல்லுவேன்? வெறும் பேரை மட்டும் சொன்னாலும், யாரு இந்த பலராமன்னு பேப்பர்காரங்க தேடிட்டு வந்துடுவாங்களே!"

சரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் ராணியம்மாள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

"தெருவே உன்னைத் திட்டுது மதி. இரு, நான் போய் எல்லார்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிட்டு வந்துடறேன்."

"வேணாம் அண்ணி! அண்ணன்கிட்ட மட்டும் சொல்லுங்க. ஊர் வாயில போட்டா மும்பை வரைக்கும் வந்துடும். நான் நன்றி கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். நாளைக்குக் காலையில அண்ணன் கடையைத் திறந்தா போதும்."