அவர் கிழித்துப் போட்டவை

பழைய காலண்டர் தாள் ஒன்று சர்ரென்று கிழிந்தது. பாதி அவர் மடியில் தங்கியது. மீதி தரையில் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்தாள்.

எருமை.

கழுத்தே இல்லாத எருமை. முதுகு ஒரு பக்கம் இறங்கி, யாரோ திட்டியதற்குக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிற மாதிரி ஒரு நடை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது.

மேஜைக்கு ஓடினாள். எருமையை அட்டையில் ஒட்டினாள். கொம்புக்கு அவருடைய உடைந்த மூக்குக்கண்ணாடியின் இரண்டு காதுக்கம்பிகள். வாலுக்குக் கம்பளி நூல். கால்களை மட்டும் பேனாவால் வரைந்தாள், நான்கும் நான்கு திசையில். ஆறிப்போன காப்பியை விரலால் தொட்டு வயிற்றில் ஒற்றினாள். சேறு பிரமாதமாக வந்தது.

அவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துப் பொருத்தியவர். தபால் உறையைக்கூடப் பிளேடால் கீறித்தான் திறப்பார். அப்படிப்பட்ட மனிதர், நினைவு தப்ப ஆரம்பித்ததும் கையில் கிடைத்ததையெல்லாம் கிழித்தார். செய்தித்தாள், துவைத்து மடித்த துண்டு, சட்டைக் காலர். ஒரு நாள், அவள் ஒரு புத்தகத்துக்காக முடித்து வைத்திருந்த படங்கள் அத்தனையையும்.

அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்துக் குப்பையை அள்ளும்போதுதான் பார்த்தாள். அவள் லட்சணமாக வரைந்திருந்த யானை இரண்டாகக் கிழிந்து, ஒரு பாதி வாத்தாகியிருந்தது. தும்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிற வாத்து.

அவள் போட்ட யானைகளில் ஒன்றுகூட அப்படி விழித்ததில்லை.

அந்த வாத்துதான் புத்தகமாயிற்று. குழந்தைகள் அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்களாம், பதிப்பாளர் சொன்னார். அடுத்தது எப்போது என்றும் கேட்டார்.

அதன் பிறகு அவர் கிழிப்பது நின்றுபோனது.

மடியில் தாளை வைத்தால் அது வைத்தபடியே இருந்தது. வேளைக்குச் சாப்பிட்டார். இரவு முழுக்கத் தூங்கினார். மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். ஒரு மத்தியானம் அவர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து, மனைவியை நேராகப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்டார்.

அவளே கிழித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கிழித்தாள். இடது கையால் கிழித்தாள். தாள் கிழியத் தொடங்கும் முன்பே அது பூனை என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டால் பூனையாகத்தான் வரும். மீசையோடு, வாலோடு, ஒரு குறையும் இல்லாமல், உயிரும் இல்லாமல்.

பசை டப்பா மூடியோடு சேர்ந்து இறுகிப்போனது. பதிப்பாளர் கேட்பதை விட்டுவிட்டார். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது. தேடினாலும் கிடைக்கவில்லை.

இப்போது எருமை காய்வதற்குள் இன்னொன்று விழுந்தது. குடை பிடித்த நண்டு. அதற்குப் பக்கத்தில் எதுவென்றே சொல்ல முடியாத ஒன்று. ஒரு சட்டைப் பொத்தானை மூக்காக வைத்ததும் அது யாரென்று தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்ட கரடி.

செல்போன் அடித்தது. மகள்.

"அப்பா எப்படி இருக்காரும்மா?"

"நல்லா இருக்காரு. இப்பதான் சாப்பிட்டுப் படுத்தாரு."

"மாத்திரைய மட்டும் விட்டுடாதம்மா. அது இல்லேன்னா பழையபடி ஆயிடும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

"எனக்குத் தெரியாதா? நீ உன் வேலையப் பாரு."

முதல் தடவை நிஜமாகவே மறந்துதான் போனாள். மறுநாள் காலை கட்டிலுக்குக் கீழே தலையணை உறை கிழிந்து கிடந்தது. அதில் ஓர் ஒட்டகச்சிவிங்கி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதையும் மறக்கவில்லை. தினமும் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். மகள் திடீரென்று வந்து நின்றால் அட்டை காலியாக இருக்க வேண்டும்.

இன்றைய மாத்திரையைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். அது போகாமல் சல்லடையில் ஒட்டிக்கொண்டது. கரைகிற வரைக்கும் விரலால் தேய்த்தாள்.

"கதவத் திறங்க!" கூடத்திலிருந்து அவர் கத்தினார். "எங்கம்மா வெளிய நிக்குது. மழையில நனையுது."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா போய்ச் சேர்ந்தபோது மகள்கூடப் பிறந்திருக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தூக்கமில்லாமல் அவர் கண் சிவந்திருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவரே பிறாண்டிக்கொண்ட கோடுகள். உடம்பு விடாமல் நடுங்கியது. அவள் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"யாரும்மா நீங்க? உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கதவ மட்டும் திறந்து விடுங்க."

அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்சம் தடித்த தாளாகப் பார்த்து எடுத்து, கூப்பிய அந்தக் கைகளைப் பிரித்து, நடுவில் வைத்தாள்.