மூன்றரைக் கோடி இலக்கம்

திரையில் முடிவு வந்து விழுந்ததும் ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

பகா எண் இல்லை.

ஆலங்குடியில் கரண்ட் போகும்போதெல்லாம் இன்வர்ட்டரை நம்பி, ஒரு மாதமாக ஓடவிட்ட கணக்கு. இரண்டைப் பதினோரு கோடித் தடவைக்கும் மேல் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வரும் எண். எழுதினால் மூன்றரைக் கோடி இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் அது வகுபடாது என்றுதான் மனிதர் நம்பியிருந்தார்.

அவர் கணக்கு வாத்தியார்கூட இல்லை, பி.டி. மாஸ்டர். சர்வீஸ் முழுக்க அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார்கள்தான் கடன் வாங்கினார்கள். ஒருத்தரும் திருப்பித் தரவில்லை.

ரிட்டயர் ஆனதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். ஒரு வருஷம் பேச்சில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் தலையாட்டுவார். மனைவி பரிமளா பயந்துபோனாள்.

பெங்களூரிலிருந்து வந்த மகள் ஹரிணிதான், உலகமெங்கும் பலர் பங்குபோட்டுப் பெரிய பகா எண்களைத் தேடுகிறார்கள் என்று சொல்லி, இவர் பங்குக்கும் ஒரு எண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து மனிதர் சவரம் செய்துகொண்டார். குழம்பில் உப்பு குறைகிறது என்று சண்டைக்கு வந்தார். அந்த எண்ணின் பெருமையைக் கேட்டுக் கேட்டுப் பரிமளாவுக்குக் காது புளித்தது.

"இது மட்டும் பகா எண்ணா அமையட்டும். கம்ப்யூட்டர மூடிட்டு நிம்மதியா உக்காந்துருவேன்" என்பார் தினமும்.

இப்போது அவளிடம் எப்படிச் சொல்வது? பாவம், அவளும் இந்த எண்ணுக்காகச் சாமி கும்பிடாத நாளில்லை. அவருக்கு அதுதான் அதிக வருத்தமாக இருந்தது.

"வகுபடுமாம்" என்றார்.

பரிமளா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "எதாலங்க?"

"அது தெரியாது. வகுபடும்ங்கிறது மட்டும் நிச்சயம். எதாலன்னு கண்டுபிடிக்க நம்ம ஆயுசு பத்துமோ என்னமோ."

அவள் சட்டென்று திரும்பி உள்ளே போனாள். அழுகிறாளோ என்று இவரும் சற்றுப் பொறுத்துப் போய் எட்டிப் பார்த்தார்.

நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கூடையில் தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நாடியம்மன் கோயிலுக்குப் போவணும். வண்டிய எடுங்க."

"எதுக்கு? அதான் நடக்கலையே."

"நான் வேண்டிக்கிட்டது நடந்துருச்சுங்க" என்றாள் பரிமளா. "மொதல்ல அடுத்த நம்பர வாங்கி ஓடவிட்டுட்டு வாங்க."