கண்டக்டர் வீட்டு ஸ்டூல்

"நம்ம ஸ்டூல் சார் தங்கமான மனுஷர். ஆனா ஒரு ஸ்டூலை ஆடாம நிறுத்த மட்டும் கடைசி வரைக்கும் அவருக்கு வரல!"

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மைக்கில் இப்படிச் சொன்னதும் நினைவுக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "என் வீட்டு ஸ்டூல் ஒண்ணு போதும், சாட்சிக்கு" என்று அவர் வேறு சேர்த்துக்கொண்டார்.

முன்வரிசையில் இருந்த ஸ்டூல் சாரின் மகளுக்குச் சுருக்கென்றது. அப்பா போய் இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் கேலியா?

அப்பா மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. சம்பளத்துக்கு அந்த வேலை, சந்தோஷத்துக்கு மரவேலை. லீவு நாள் வந்தால் மாடிப்படிக்குக் கீழே உளியும் ரம்பமுமாக உட்கார்ந்துவிடுவார். தெருவில் யார் புதுசாகக் குடிவந்தாலும் ஒரு ஸ்டூல், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் ஒரு ஸ்டூல். காசு என்று பேச்செடுத்தால் கோபம் வந்துவிடும். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேட்டால் தபால்காரரே முழிப்பார்.

"அந்தக் கண்டக்டர் மாமாவுக்கு எவ்வளவு வாய்க்கொழுப்பும்மா!" வீட்டுக்கு வந்ததும் மகள் பொரிந்து தள்ளினாள்.

அம்மா சமையலறை ஸ்டூலில் ஏறி நின்று மேல்தட்டு டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தாள். "அவர் சொன்னது பொய் இல்லையே. ஞாயித்துக்கிழமை ஆனா உங்கப்பா பையைத் தூக்கிட்டு அங்கதானே ஓடுவார்? கேட்டா, 'மறுபடி ஆடுதாம்'பார்."

"நீ ஏறி நிக்கிறியே, இது ஆடுதா?"

"இதுவா? கல்லு மாதிரி நிக்குது. நீ பிறக்கிறதுக்கு முன்னாடி பண்ணது."

மகளுக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறவள் அவள். ஒரே கை செய்த சாமான் ஓரிடத்தில் நின்று, இன்னோரிடத்தில் ஆடினால் அவளுக்குச் சோறு இறங்காது.

பக்கத்து வீட்டில் விசாரித்தாள். ஆடவில்லை. எதிர்வீட்டு டெய்லர் அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்துதான் வருஷக்கணக்காகத் தைக்கிறார். "இதுவா ஆடும்? நான் ஆடினாலும் இது ஆடாதும்மா" என்றார்.

அப்படியானால் கண்டக்டருக்குக் கொடுத்தது மட்டும் ஏன் அப்படி? ஆளைப் பார்த்து வேலை செய்கிறவரா அப்பா? அப்படி நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாளே அப்பாவின் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வாம்மா, வா வா. என்ன திடீர்னு?"

"ஸ்டூலைப் பார்க்கணும் மாமா. சரி பண்ணிடறேன். இனிமே யாரும் எங்கப்பாவைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது."

கண்டக்டரின் முகம் மாறியது. "அது கிடக்கு விடும்மா. டீ போடட்டுமா?"

அவள் விடவில்லை. ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மாமா, மரத்துல ஒரு குறையும் இல்ல. மூட்டெல்லாம் கச்சிதமா இருக்கு. ஆனா இந்த ஸ்க்ரூ தலையைப் பாருங்க. கன்னாபின்னான்னு கீறல், எல்லாம் பழசு. அதுவும் கழட்டுற பக்கமாத்தான் தேய்ஞ்சிருக்கு. இது தானா லூஸ் ஆகல. யாரோ லூஸ் பண்ணியிருக்காங்க."

மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்கப் பேசுகிற மனிதரின் குரல் இறங்கிவிட்டது. "நான்தான்" என்றார்.

"நீங்களா? எங்கப்பா பேரைக் கெடுக்கவா?"

"ஐயோ, இல்லம்மா." அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க அத்தை போனப்புறம் இந்த வீட்டுல பேச ஆளில்ல. நாள் பூரா பஸ்ல கத்தின வாய் இது. முதல் தடவை ஸ்டூல் நிஜமாவே லேசா ஆடிச்சு. உங்கப்பா வந்தார், முறுக்கினார், டீ குடிச்சார். பொழுது சாயற வரைக்கும் பேசிட்டு இருந்தார். சும்மா வாங்கன்னு கூப்பிட எனக்குக் கூச்சம். அதான், அடுத்த வாரம் நானே கத்தியை வெச்சு..."

"அப்புறம் எதுக்கு மாமா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அவரைக் கேலி பண்ணீங்க?"

"அங்க நின்னு அழ ஆரம்பிச்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்மா. அதான் சிரிச்சேன்."

மகளின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பாவம் எங்கப்பா. தனக்குத்தான் வேலை வரலன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டார்."

கண்டக்டர் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். அப்பா தன் கையாலேயே சீவிப் போடுகிற மரப்பிடி.

"நாலாவதோ அஞ்சாவதோ தடவை வந்தப்ப, ஸ்க்ரூ தலையை விரலால தடவிப் பார்த்தார்மா. ஒரு வார்த்தை கேட்கல. முறுக்கி முடிச்சு, டீயைக் குடிச்சிட்டு, கிளம்புறப்ப இதை என்கிட்ட கொடுத்தார். 'அடுத்த தடவை கத்தி வேண்டாம் சார், கையைக் கிழிச்சுக்கப் போறீங்க'ன்னு சொல்லிட்டுப் போனார்."